அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பத்து விநாடி

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு டெல்ஃபினா பால்மாரெஸ் தன் நிரலைப் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினிக்கு அனுப்பினாள். ஆறு மணி நேர வேலை. மத்தியானம் இரண்டு மணிக்கு விடை கையில் இருக்கும், அதன்பின் மெரியண்டா என்னும் மாலைச் சிற்றுண்டிக்கு ஒரு கிண்ணம் பாட்சோய் நூடுல்ஸ் சூப் சாப்பிடலாம் என்று எண்ணியிருந்தாள். அனுப்பிய மறு நொடியே திரையில் பதில் வந்தது: ‘தங்கள் பணி அன்புடன் ஏற்கப்பட்டது. முடிவடையும் காலம்: பன்னிரண்டு ஆண்டு ஏழு மாதம்.’

டெல்ஃபினா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். ஏழு மாதம் ஏழு மாதமாகவே இருந்தது.

அவள் மீன்வளத் துறையில் கடல் நுண்ணுயிர்களை எண்ணுகிறவள். பதினெட்டு வருடமாக நுண்ணோக்கிக்குள் குனிந்து எண்ணியதில் கழுத்து சற்று முன்னால் நீண்டுவிட்டிருந்தது. அந்த வாரம் வடக்கே நாற்பது கிலோமீட்டர் தொலைவில் கடல் சிவந்து கிடந்தது. அந்தச் செந்நீரில் இருக்கும் உயிர்களைச் சிப்பிகள் விழுங்கும், சிப்பிகளை மனிதர்கள் விழுங்குவார்கள், அரை மணி நேரத்தில் உதடு மரத்துப்போகும். மூன்று வருடத்துக்கு முன் சான் ரோக்கே ஊரில் ஒரு கல்யாண விருந்தில் முப்பத்தோரு பேருக்கு அப்படி ஆனது. ஒருவர் பிழைக்கவில்லை. இப்போது அதே ஊரில் திருவிழா வருகிறது. வளைகுடாவில் மூங்கில் நட்டுப் பச்சைச் சிப்பி வளர்ப்பவர்கள் அடுத்த திங்கட்கிழமை தொடங்கித் திருவிழா ஞாயிறு வரை அறுவடை செய்யக் காத்திருந்தார்கள். செந்நீர் அங்கே வந்து சேருமா, விலகிப் போகுமா என்பதை நீரோட்டத்தையும் காற்றையும் வைத்துக் கணக்கிட்டுச் சொல்வதுதான் அந்த நிரலின் வேலை. பன்னிரண்டு வருடம் கழித்துச் சொன்னால் அது வரலாற்றுத் துறைக்குத்தான் உதவும்.

புதன்கிழமை காலை அவள் மூன்றாம் மாடிக்குப் போனாள். அங்கேதான் கணினி நேர நியாயப் பங்கீட்டு அலுவலகம் இருந்தது.

அந்த அலுவலகம் வந்து ஐந்து வருடம் ஆகிறது. அதற்கு முன் கணினியை ஒரே ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். யார் முதலில் வந்தாரோ அவர் வேலையை முதலில் ஓட்டுவார், அவசரம் என்று வருகிறவரைக் கொஞ்சம் முன்னால் விடுவார். ஒருமுறை இயற்பியல் பேராசிரியர் ஒருவர் மூன்று வாரம் தொடர்ந்து கணினியைப் பிடித்து வைத்துக்கொள்ள, வேதியியல் பேராசிரியர் அவருடைய சைக்கிள் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட, நியாயமான பங்கீடு வேண்டும் என்று துணைவேந்தர் முடிவு செய்தார். பதினோரு ஊழியர்களும் ஏழு உறுப்பினர் குழுவும் நியமிக்கப்பட்டார்கள். கணினி மட்டும் அதே ஒன்று.

முன் மேஜையில் பூரித்தா மேடம் இருந்தார். நல்ல மனுஷி. டெல்ஃபினா உட்காருவதற்கு முன்பே சூடான பான்டெசால் ரொட்டி இருந்த பையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, விளக்கத் தொடங்கினார். பயனர்கள் மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். யாரும் விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக, அலுவலகம் தொடங்கிய நாளன்று அடையாள அட்டை வைத்திருந்த எல்லோரையும் பயனர்களாகச் சேர்த்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் எல்லோருக்கும் சமபங்கு.

“இதுல எத்தனை பேர் நெசமாவே கணினியைத் தொடுறாங்க?” என்று டெல்ஃபினா கேட்டாள்.

“அது அவங்கவங்க இஷ்டம், மேடம். ஒரு இருபது, இருபத்தஞ்சு பேர் இருக்கும்.”

“மத்தவங்க நேரம்?”

“அவங்களுக்குன்னு இருக்கு.”

“அப்போ அந்த நேரத்துல மெஷின் காலியா கிடக்குதே.”

பூரித்தா மேடம் சற்று வருத்தப்பட்டார். “காலியா இல்ல, மேடம். ஒதுக்கப்பட்டிருக்கு.”

பட்டியலை டெல்ஃபினா வாங்கிப் பார்த்தாள். நான்காவது பெயர் விவசாயத் துறை முன்னாள் முதல்வருடையது. அவருடைய இறுதிச் சடங்குக்கு அவளே மலர்வளையம் கொண்டுபோயிருந்தாள். அவர் விலகல் கடிதம் கொடுக்கவில்லை என்று பூரித்தா மேடம் சொன்னார்.

அப்படியே பார்த்தாலும் கணக்கு உதைத்தது. ஐந்து நிமிடத்தை அறுநூற்றுப் பன்னிரண்டால் வகுத்தால் அரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும். தனக்கு அதில் முப்பதில் ஒரு பங்குதானே வருகிறது என்று டெல்ஃபினா கேட்டாள். பூரித்தா மேடத்தின் முகம் மலர்ந்தது. இதுவரை யாரும் இந்த நுட்பத்துக்குள் வந்ததில்லையாம். ஒவ்வொரு சுற்றிலும் யாருக்கு எவ்வளவு என்பதைக் கணினியே துல்லியமாகக் கணக்கிட வேண்டும் அல்லவா? அந்தக் கணக்குக்கு நான்கு நிமிடம் ஐம்பது விநாடி ஆகிறது. மீதிப் பத்து விநாடிதான் பங்கிடப்படுகிறது.

“அந்தப் பத்து விநாடியை நாங்க பங்கு போடுற மாதிரி இந்த நாட்டுல வேற எங்கயும் போட மாட்டாங்க, மேடம்” என்றார்.

இயக்குநரைப் பார்க்காமல் போவதில்லை என்று டெல்ஃபினா உட்கார்ந்துவிட்டாள். பதினோரு மணிக்கு அழைத்தார்கள். டாக்டர் கிறிசாந்தோ ஹபான்யா அன்னாசி நார்ச் சட்டை போட்டிருந்தார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு வரைபடம் தொங்கியது. அதில் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒரே கோடு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக ஓடியது. அவள் செந்நீர், சிப்பி, திருவிழா, உதடு என்று எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு எழுந்து வரைபடத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

“இதைப் பாருங்க, மேடம். அஞ்சு வருஷம். ஒருத்தருக்குக் கிடைச்சது இன்னொருத்தருக்குக் கிடைக்கலன்னு ஒரு ஆள் சொல்ல முடியாது. ஏன்னா யாருக்கும் ஒண்ணும் கிடைக்கல. மணிலாவுலேருந்து வந்து பார்த்துட்டு, இவ்வளவு நேரான கோடு நாங்க கண்டதில்லன்னு கேடயம் கொடுத்துட்டுப் போனாங்க. இப்ப உங்களுக்கு ஆறு மணி நேரம் கொடுத்தேன்னு வைங்க. இந்த இடத்துல ஒரு மேடு வரும். அந்த மேட்டுக்கு நான் யாருக்குப் பதில் சொல்றது?”

“ஜனங்க சாப்பிட்டுச் செத்துடுவாங்க, சார்.”

“அதுக்காக மத்த அறுநூத்திப் பதினொரு பேரையும் நாம அவமதிக்க முடியுமா?” என்றார் இயக்குநர், மிகுந்த அன்புடன்.

ஆனால் வழியே இல்லை என்று யாரையும் அனுப்பும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை. பெருந்தன்மைப் படிவம் என்று ஒன்று இருந்தது. ஒரு பயனர் மனமுவந்து தன் பங்கை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து அதில் கையெழுத்துப் போடலாம். இயக்குநர் தன் கையாலேயே அறுநூற்றுப் பதினோரு படிவங்களை எண்ணிக் கொடுத்தார்.

அன்று பிற்பகலும் மறுநாள் காலையும் டெல்ஃபினா படிவக் கட்டோடு வளாகம் முழுக்க அலைந்தாள். பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்குக் கணினியில் பங்கு இருப்பதே அவள் சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்த உடனே அதன்மேல் பாசம் வந்துவிட்டது. நூலகர், எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு என்றதும், இப்போது வேண்டாம், பிள்ளைகள் வளர்ந்தபின் உதவும் என்று பேனாவை மூடிவிட்டார். தத்துவத் துறையில் ஒருவர், கொடுக்கத்தான் ஆசை, ஆனால் பயன்படுத்தாத ஒன்றைத் துறப்பது துறவாகுமா என்று யோசித்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னார். தோட்டக்காரர் ஒருவர், தனக்கு வேண்டாம், மைத்துனருக்கு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். வியாழன் மத்தியானத்துக்குள் பதினோரு கையெழுத்துக் கிடைத்தது. அவற்றைச் சேர்த்ததில் பன்னிரண்டு வருடம் ஏழு மாதம் என்பது ஒரு வருடம் பதினேழு நாளாகக் குறைந்தது.

சான் ரோக்கேயிலிருந்து நாளுக்கு இரண்டு முறை தொலைபேசி வந்துகொண்டிருந்தது. சிப்பி வளர்ப்போர் சங்கத் தலைவி, ஊரே மனாங், அதாவது அக்கா, என்று கூப்பிடும் பசிலியாதான். படகுகளுக்கு எண்ணெய் ஊற்றியாகிவிட்டது, கூடை வந்துவிட்டது, உன் விடை மட்டும்தான் வரவில்லை என்பதே ஒவ்வொரு முறையும் செய்தி.

டெல்ஃபினா மறுபடி மூன்றாம் மாடிக்கு ஏறினாள். இந்த முறை அவள் சண்டை போடுவதாகவே இருந்தாள். பூரித்தா மேடம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வெயிலில் அலைந்த முகத்தைப் பார்த்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவரும் சங்கடத்தோடு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே, பாவம் மேடம், நீங்கள் மார்ச் மாதம் கணினியைக் கொஞ்சம் பயன்படுத்திவிட்டீர்கள், ஒருமுறைகூடத் தொடாதவராக இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இருந்திருக்காது என்றார். டெல்ஃபினா ஏன் என்று கேட்டாள்.

ஒன்பதாம் விதி அப்படி. கணினியை ஒருபோதும் பயன்படுத்தாத பயனருடைய பங்கு வீணாகாது. ஐந்து வருடமும் அது அவர் பெயரில் சேர்ந்துகொண்டே வரும். அவர் என்றைக்கு நேரில் வந்து கேட்கிறாரோ, அன்றைக்கு மொத்தத்தையும் ஒரே மூச்சாகக் கொடுத்தாக வேண்டும். குறைவாகப் பயன்படுத்தியவர் முன்னால், அதிகமாகப் பயன்படுத்தியவர் பின்னால். அலுவலகத்தின் அடிப்படைக் கொள்கையே அதுதான்.

“இதுவரைக்கும் யாராவது வந்து கேட்டிருக்காங்களா?”

“கேக்குறவங்கதான் ஏற்கெனவே பயன்படுத்திடுறாங்களே, மேடம்.”

ஒரு ஆளுக்கு ஐந்து வருடத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று டெல்ஃபினா ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். இரண்டு மணி இருபத்து மூன்று நிமிடம். அவளுடைய நிரலைத் தலா இரண்டு மணி நேரமாக மூன்று துண்டாக்க முடியும். அப்படியென்றால் மூன்று பேர் போதும். கணினியை வாழ்நாளில் தொட்டிராத மூன்று பேர்.

அவளுக்குச் சிரமமே இருக்கவில்லை. உணவகத்தில் பாட்சோய் ஊற்றும் மனாங் கொன்சோலாவும் பாடற்குழு ஆசிரியை லுடிவினாவும் பேச்சை முடிக்கும் முன்பே சரி என்றார்கள். மூன்றாவது ஆள் நீச்சல் குளத்தின் உயிர்காப்பாளர், எல்லோரும் மனோங், அதாவது அண்ணன், என்று கூப்பிடும் எலியூத்தெரியோ. ஆறு வருடத்துக்கு முன் குளத்தில் விரிசல் விழுந்து தண்ணீரை வடித்துவிட்டார்கள். அதன்பின்னும் அவர் தினமும் காலை எட்டு மணிக்கு வந்து, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காய்ந்த குளத்தின் ஓரத்தில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இந்த ஆறு வருடத்தில் ஒருவர்கூட மூழ்கவில்லை என்று அவருக்கு ஆண்டுதோறும் சான்றிதழ் வந்தது. டெல்ஃபினா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கினார்.

“சான் ரோக்கேயில என் மச்சினி இருக்கா, மேடம். நல்லா சாப்பிடுவா” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் மூன்றாம் மாடியில் போய் நின்று தங்கள் நேரம் வேண்டும் என்றார்கள். அலுவலகம் நடுங்கிப்போனது. பதினோரு மணிக்கு ஏழு உறுப்பினர் குழு அவசரமாகக் கூடியது. டெல்ஃபினாவுக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி கொடுத்தார்கள், பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு. முதலில் மனோங் எலியூத்தெரியோவை அழைத்தார்கள்.

செயலி என்றால் என்ன என்று தெரியுமா என்று இயக்குநர் கேட்டார்.

“தெரியாது, சார்.”

“நிரல் எழுதத் தெரியுமா?”

“தெரியாது, சார்.”

“பின்ன கணினி நேரம் உங்களுக்கு எதுக்கு?”

மனோங் எலியூத்தெரியோ விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். “எதுக்குன்னு எனக்கும் தெரியல, சார். நீங்கதான் அஞ்சு வருஷமா எனக்குன்னு எடுத்து வெச்சிருக்கீங்க. எதுக்கு வெச்சீங்க?”

குழு பதினைந்து நிமிடம் விதிப்புத்தகத்தைப் புரட்டியது. தேவை என்ன என்று ஒரு பயனரைக் கேட்பதே பாகுபாடு என்று நாலாம் விதியில் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். தவிர, இந்த மனிதருக்குக் கொடுக்கவில்லையென்றால், ஐந்து வருடமாக மற்றவர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தது எதற்காக என்ற கேள்வி வரும். அது நல்ல கேள்வி அல்ல என்பதில் ஏழு பேரும் ஒரே கருத்தாக இருந்தார்கள். அனுமதி கிடைத்தது. மற்ற இருவரையும் பெயர் மட்டும் கேட்டுவிட்டு அனுப்பினார்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கணினி அறையில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். டெல்ஃபினா காட்டிய பொத்தானை மனோங் எலியூத்தெரியோ முதலில் அழுத்தினார். பூரித்தா மேடம் ஒன்பதாம் விதியைக் கணினியில் இயக்கி வைத்தார். கொள்கைப்படி கணினி எல்லாப் பயனர்களையும் ஒருமுறை ஒப்பிட்டு வரிசைப்படுத்தியது. தொடாதவர்கள் முன்னால் வந்தார்கள். கொஞ்சம் பயன்படுத்தியவர்கள் அடுத்து. எல்லோரையும்விட மிக அதிகமாக, ஐந்து வருடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு நேரத்தை ஒரே பயனர் தின்றிருப்பதை அது கண்டுபிடித்து, அவரைக் கடைசிக்குத் தள்ளியது. அது இயக்குநர் ஹபான்யாவின் பெயரில் ஓடிக்கொண்டிருந்த நியாயக் கணக்கு நிரல்.

கணக்கு நின்றது. அதன்பின் நடந்ததில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஐந்து வருடமாக இருமிக்கொண்டிருந்த கணினி சத்தம் குறைந்து ஓடியது. டெல்ஃபினாவின் மூன்று துண்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. இடையிடையே கிடைத்த இடைவெளிகளில், பல மாதமாகக் காத்திருந்த இருபத்திரண்டு பேருடைய சின்னச் சின்ன வேலைகளும் யாரையும் கேட்காமல் முடிந்தன. வேதியியல் பேராசிரியர் இரண்டு வருடத்துக்கு முன் அனுப்பிய ஒரு கணக்குக்கு விடை வந்தது. அவர் வீட்டிலிருந்து ஓடிவந்து, என்ன கேட்டோம் என்று மறந்துவிட்டதாகச் சொல்லி விடையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். மனாங் கொன்சோலா தன் முறை வரும்வரை சும்மா இருக்க முடியாமல் எல்லோருக்கும் பாட்சோய் கொண்டுவந்தார்.

மாலை நாலரைக்குச் செந்நீர் போகும் பாதையின் வரைபடம் வந்தது. காற்று திரும்புகிறது, புதன்கிழமை செந்நீர் வளைகுடாவுக்குள் நுழையும். டெல்ஃபினா அதை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு சான் ரோக்கேக்குப் பேசினாள். அறுவடை வேண்டாம் என்றாள். நூற்றுப் பத்துக் குடும்பங்கள் அந்தத் திருவிழாவை நம்பி இருந்தன.

“நிச்சயமாத்தான் சொல்றியா?” என்று மனாங் பசிலியா கேட்டார்.

“கணினி சொல்லுது, மனாங்.”

“கணினி கிடக்கட்டும். நீ சொல்றியா?”

டெல்ஃபினா வரைபடத்தை இன்னொரு முறை பார்த்தாள். பதினெட்டு வருடத்தில் இப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. “நான் சொல்றேன்” என்றாள்.

“சரி. படகை ஏத்திடுறோம். தப்பா இருந்துச்சுன்னா திருவிழாவுக்கு நீதான் நூத்திப் பத்து வீட்டுக்கும் சமைக்கணும்.”

திங்களும் செவ்வாயும் கடல் பச்சையாகவே இருந்தது. டெல்ஃபினா அந்த இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. புதன்கிழமை மத்தியானம் வளைகுடா துரு நிறமானது. வியாழனன்று எடுத்த சிப்பியில் விஷம் அனுமதித்த அளவைப்போல நான்கு மடங்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சான் ரோக்கேயில் கோழிக் குழம்போடு திருவிழா நடந்தது. மனோங் எலியூத்தெரியோவின் மச்சினி மூன்று தட்டு சாப்பிட்டதாகக் கேள்வி. ஐந்து வாரம் கழித்துக் கடல் தெளிந்து, சிப்பிகளும் தேறி, அறுவடை நடந்தது. சிப்பி முன்னைவிடப் பெரிதாக இருந்தது என்றும், அதற்கும் டெல்ஃபினாதான் காரணம் என்றும் மனாங் பசிலியா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விசாரணை அதற்கு மறுவாரம் தொடங்கியது.

இயக்குநரின் சுவரில் கண்ணாடிச் சட்டம் இல்லை. அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. புதிய வரைபடம் மேஜைமேல் கிடந்தது. நேராக வந்த கோடு ஓரிடத்தில் தேவாலயக் கோபுரம்போல எழும்பி இறங்கியிருந்தது. குழுவின் ஏழு பேரும் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். இயக்குநர் எழுந்தார். ஒன்றரை மாதத்தில் இளைத்திருந்தார்.

“நண்பர்களே, அந்தச் சனிக்கிழமை எட்டரை மணி நேரம் இந்தப் பல்கலைக்கழகத்துல நியாயம்னு ஒண்ணு இல்லவே இல்ல. யாருக்கு எவ்வளவுன்னு கணக்குப் பார்க்க ஒரு ஆள் இல்ல. ஆனா கேட்ட அத்தனை பேருக்கும் கிடைச்சிருக்கு. இன்னைய வரைக்கும் ஒரு புகார்கூட வரல.” அவர் வரைபடத்தைக் கவிழ்த்து வைத்தார். “அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

யாருக்கும் ஒதுக்கப்படாத நேரம் எல்லோருக்கும் எப்படிக் கிடைத்தது என்று எழுத்துமூலம் விளக்கம் தருமாறு டெல்ஃபினா பணிக்கப்பட்டாள். ஏழு நாள் அவகாசம் கொடுத்தார்கள். அவளுக்கு ஏழு நாள் தேவைப்படவில்லை. மேஜையிலேயே ஒரு தாளை எடுத்து எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றாள்: ‘எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கவில்லை.’

உள்ளே வெகுநேரம் பேச்சு நடந்தது. மெரியண்டா உள்ளே போனது, காலித் தட்டு வெளியே வந்தது. கடைசியில் பூரித்தா மேடம் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி வந்தார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பதில் நல்லாதான் இருக்குன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா குழுவுல ஏழு பேர், இதுல நாலு வார்த்தைதான் இருக்கு. ஆளுக்கொண்ணா பிரிச்சுப் பரிசீலிக்க முடியல. இன்னும் மூணு வார்த்தை சேர்த்துக் கொடுத்தீங்கன்னா சமமா வந்துடும்.”

டெல்ஃபினா பேனாவை வாங்கினாள். தாளைச் சுவரில் வைத்து, அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதினாள்:

‘எனக்கு வேலை இருக்கிறது.’